சரியான துணையைத் தேடும் மூலக்கூறுகள்: சிங்கப்பூர்த் தண்ணீரும் கரிமக் கூண்டுகளும்

சிராங்கூன் சாலையில் பெய்யும் மழை வீணாவதில்லை. தேக்கா சந்தையின் கூரையிலும் பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளின் பந்தலிலும் விழுந்த நீர் வடிகாலில் இறங்கி, ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. லிட்டில் இந்தியாவுக்கும் தண்ணீருக்கும் பழைய உறவு உண்டு. ரோச்சோர் ஆற்றோரத்து ஈரமும் புல்லும் இருந்ததால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டுப் பட்டிகள் பெருகின. அவற்றைப் பின்பற்றி இந்தியர்கள் குடியேறினார்கள். பட்டிகள் போய்விட்டன. 2008இல் மரினா அணைக்கட்டு கடல்வாயை அடைத்த பிறகு, இந்த வட்டாரத்து மழை குடிநீராகத் தொடங்கியது. தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்தத் தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதன் அருகே மரினா ஈஸ்ட்டில் 2020 முதல் ஓர் ஆலை இயங்குகிறது. மழை நாளில் தேக்கத்து நீரையும் வறண்ட நாளில் கடல்நீரையும் சுத்திகரிக்கும் அந்த ஆலையின் திறன் ஒரு நாளைக்கு 3 கோடி கேலன்.

கடல்நீரைக் குடிநீராக்குவது இந்நாட்டுக்கு ஆடம்பரம் அல்ல. 1963இல் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்த தண்ணீர்ப் பங்கீட்டை இன்றும் நினைவுகூரும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள வகைசெய்யும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதனால்தான் கழிவுநீரை மறுசுத்திகரித்துப் பெறும் புதுநீரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் இங்கே அரசின் முதல் கவலைகளில் இடம்பெற்றன. துவாஸில் 2005இல் முதல் கடல்நீர் ஆலை வந்தது. இன்று அப்படி ஐந்து ஆலைகள் உள்ளன. தடையாக நிற்பது மின்சாரம். ஒரு கன மீட்டர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதை 2 யூனிட்டுக்குக் குறைப்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு.

அந்த இலக்குக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரித்தெடுக்க, எந்தக் கருவியாக இருந்தாலும் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1 யூனிட் செலவிட்டே ஆகவேண்டும். வெப்ப இயக்கவியல் விதித்த விலை அது. எனவே தண்ணீரை இன்னும் வேகமாகக் கடத்தும் சவ்வு கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெனாஹெம் எலிமெலெக் குழுவினர் 2016இல் இதைத் தெளிவாக வாதிட்டார்கள்: சவ்வுக்கு இனி வேண்டியது கூடுதல் வேகம் அன்று, கூடுதல் தேர்வுத்திறன். அதாவது, தண்ணீரை விடவேண்டும்; மற்றதை ஒன்றுகூட விடக்கூடாது. கடல்நீரில் உள்ள போரான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது மின்னூட்டமில்லாத போரிக் அமிலமாக இருப்பதால், உப்பைத் தடுக்கும் சவ்விலும் கணிசமாகக் கசிந்துவிடுகிறது. அதை நீக்கத் தனியாக மறுபடி சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் மின்சாரம் செலவாகிறது.

தேர்வுத்திறன் என்பது துளைகளின் ஒழுங்கைப் பொறுத்தது. பத்தாயிரம் துளைகள் சரியான அளவில் இருந்து பத்துத் துளைகள் பெரிதாக இருந்தால், வேண்டாதது அந்தப் பத்தின் வழியே வந்துவிடும். கோடானுகோடி துளைகளை, எல்லாம் ஒரே அளவில், யாரும் ஒவ்வொன்றாக அளந்து பார்க்காமல் எப்படி உண்டாக்குவது? வேதியியலில் இதற்குக் கிடைத்திருக்கும் மிக அழகான விடைகளில் ஒன்று தன்வகைப்பாடு. கலந்து கிடக்கும் மூலக்கூறுகள் தமக்குள் துணை தேடி, வகைவகையாகப் பிரிந்து, குறித்த வடிவங்களாக மட்டும் கூடுவதற்கு அந்தப் பெயர். கரிமக் கூண்டுகளில் அது நடப்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

இன்றைய ஆலைகளில் இருக்கும் சவ்விலிருந்து தொடங்குவோம். 1970களின் இறுதியில் அமெரிக்க வேதியியலர் ஜான் கடோட் உருவாக்கிய முறையே இன்னும் அடிப்படை. பென்சீன் வளையத்தில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று கைகள் கொண்ட ஒரு பொருள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கார்பன்–ஆக்சிஜன் தொகுதி, அதன்மேல் ஒரு குளோரின். இதை எண்ணெய் போன்ற ஒரு கரைப்பானில் கரைக்கிறார்கள். இரண்டு கைகள் கொண்ட அமீனைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். இரண்டு திரவமும் சந்திக்கும் எல்லையில் நொடிக்கணக்கில் ஒரு படலம் பிறக்கிறது. அதுதான் பாலிஅமைடு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதுவே கடலின் உப்பைத் தடுத்து நிறுத்துகிறது.

ஆனால் ஒவ்வொரு இணைப்பும் அங்கே மீளமுடியாதது. குளோரின் கழன்று, அமைடு பிணைப்பு விழுந்துவிட்டால், அது கோணலாக விழுந்திருந்தாலும் அப்படியே நிற்கும். பக்கத்தில் வந்த அடுத்த மூலக்கூறு அந்தக் கோணலின்மேல் கட்டும். ஆகவே பாலிஅமைடு படலத்தில் துளை என்று நாம் சொல்வது திட்டமிட்ட துளை அன்று; இழைகள் தாறுமாறாகப் பின்னியதில் விட்டுப்போன இடைவெளி. சில சிறியவை, சில பெரியவை. சராசரி நன்றாக இருக்கிறது. ஆனால் போரான் தப்புவது சராசரியின் வழியே அல்ல.

இப்போது அந்த மூன்று கை மூலக்கூறில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒவ்வொரு கை நுனியிலும் உள்ள குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வையுங்கள். எலும்புக்கூடு அதேதான், பொருள் மட்டும் ட்ரைஃபார்மைல்பென்சீன் என்னும் ஆல்டிஹைடு ஆகிவிடுகிறது. ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்தால் இமீன் பிணைப்பு உண்டாகும். ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அந்தத் தண்ணீர் திரும்பி வந்தால் பிணைப்பு உடைந்து, பழைய ஆல்டிஹைடும் அமீனும் மீண்டும் கிடைக்கும். சிறிது அமிலம் இருந்தால் இந்தப் போக்குவரத்து இன்னும் விரைவாக நடக்கும். பாலிஅமைடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது.

2009இல் பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கூப்பர் குழுவினர் இதைக் காட்டினார்கள். ஆல்டிஹைடுத் தூள்மேல் டைகுளோரோமீத்தேனை மெதுவாக ஊற்றி, கலக்காமல் விட்டு, ஓரிரு துளி அமிலம் சேர்த்து, பின் சைக்ளோஹெக்சேன் டைஅமீன் கரைசலைச் சேர்த்தால் போதும். குடுவையை மூடி அறை வெப்பநிலையில் சில நாள் விட்டால், கண்ணாடிச் சுவரில் எண்முகப் படிகங்கள் பளிச்சென்று வளர்ந்து நிற்கும். ஒவ்வொரு படிகத்திலும் கூண்டுகள். ஒரு கூண்டில் 4 ஆல்டிஹைடு, 6 டைஅமீன், 12 இமீன் பிணைப்பு. நான்கு புறமும் நான்கு சாளரங்கள், நடுவே வெற்றிடம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் சிசி3. உள்ளிருந்த கரைப்பானை நீக்கிய பிறகும் கூண்டு நொறுங்காமல் வெற்றிடத்தோடு நின்றதுதான் அன்று எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது.

பத்து மூலக்கூறுகள் தாமாகவே இவ்வளவு கச்சிதமாகக் கூடியது எப்படி? முதல் முயற்சியிலேயே அவை கூடுவதில்லை. பஃபலோ ரோட்டில் மாலை கட்டுபவரின் கையைக் கவனித்தால் புரியும்: நாரை இறுக்கும் வரை, இடம் தவறிய பூவை உருவி எடுத்து வேறொன்றை வைப்பார், இறுக்கிய பின் முடியாது. குடுவைக்குள்ளும் முதலில் எல்லாவிதத் தவறுகளும் உண்டாகின்றன. நீண்ட சங்கிலிகள், பாதி மூடிய கிண்ணங்கள், ஒரு கை தொங்கும் துண்டுகள். அவை ஒவ்வொன்றும் உடைந்து மறுபடி கூடுகின்றன. எல்லாக் கைகளும் பிணைந்து, எங்கும் இழுப்பு இல்லாத வடிவம் வரும்போதுதான் உடைவதைவிட நிலைத்திருப்பது ஆதாயமாகிறது. சிறிய மூடிய கூண்டுகளாகக் கூடினால், ஒரே பெரிய வலையாகப் பின்னிக்கொள்வதைவிடத் துகள்களின் எண்ணிக்கை கூடும். அதனால் ஒழுங்கின்மையின் பங்கும், அதாவது என்ட்ரோபியும், கூண்டின் பக்கமே நிற்கிறது. கரைசல் நீர்த்திருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் படிகமாகி வெளியேறுவது அந்தத் தேர்வை முடித்துவைக்கிறது.

இதுவரை ஒரே வகை ஆல்டிஹைடு, ஒரே வகை அமீன். உண்மையான சோதனை இரண்டு வகை அமீன்களைச் சேர்த்துப் போடும்போதுதான் வருகிறது. சிசி3 கூண்டில் டைஅமீன் அமரும் இடங்கள் ஆறு. இரண்டு அமீன்களைச் சம அளவில் போட்டு, எது எங்கே அமர்வது என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிட்டால் 64 வழிகள். கூண்டைச் சுழற்றிப் பார்த்து ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்தாலும் 12 வெவ்வேறு கூண்டுகள் மிஞ்சும். ஆறு இடத்திலும் ஒரே அமீன் அமர்ந்த தூய கூண்டுகள் 32இல் 1 பங்குதான், ஏறத்தாழ 3 விழுக்காடு. சாளரங்களை மட்டும் பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. ஒவ்வொரு சாளரத்தின் விளிம்பிலும் மூன்று அமீன்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மற்ற முக்கால் பங்குச் சாளரங்கள் கலப்படம். சவ்வு செய்ய வந்தவருக்கு இந்தக் கணக்கு கவலை தரும்.

ஆனால் மூலக்கூறுகள் பல சமயங்களில் தற்செயலுக்குக் கட்டுப்படுவதில்லை. 1993இல் ஃபிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ழான்-மாரி லேன் குழுவினர், வெவ்வேறு நீளமுள்ள கரிம இழைகளை ஒரே குடுவையில் தாமிர அயனிகளோடு கலந்தார்கள். இரண்டிரண்டு இழைகளாக முறுக்கிக்கொண்டு இரட்டைச் சுருள்கள் உருவாயின. நீளமும் குட்டையும் கலந்த சுருள் கிடைக்கவில்லை. ஒவ்வோர் இழையும் தன் நீளத்தவரையே தேர்ந்தெடுத்தது. பத்தாண்டுகள் கழித்து, 2003இல், மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் லைல் ஐசக்ஸும் ஆன்சின் வூவும் ஒரு துணிச்சலான கேள்வியைக் கட்டுரையின் தலைப்பாகவே வைத்தார்கள்: தன்வகைப்பாடு விதியா, விதிவிலக்கா? ஹைட்ரஜன் பிணைப்பால் கூடும் பல அமைப்புகளின் கூறுகளை ஒன்றாகக் கலந்தபோதும் ஒவ்வொன்றும் தன் அமைப்பையே கட்டியது. நாம் நினைத்ததைவிட இது பரவலான நடத்தை என்பதே அவர்கள் முடிவு.

இந்நடத்தையில் இரு போக்குகள் உண்டு. தன்னைப் போன்றதை மட்டும் நாடுவது ஒன்று. தன்னிலிருந்து வேறான, ஆனால் குறிப்பிட்ட ஒன்றோடு மட்டும் சேர்வது மற்றொன்று. இரண்டிலும் கலவை குறைந்து, சில வடிவங்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

கரிமக் கூண்டுகளில் இது நடப்பதைத் திருத்தமாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்தது. பார்த்த சாரதி முகர்ஜி குழுவினர் 2013இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். மூலக்கூறுகளின் திருமணம் என்று அவர்களே தலைப்பில் குறிப்பிட்டார்கள். மூன்று கை அமீன்கள் இரண்டு, இரண்டு கை ஆல்டிஹைடுகள் இரண்டு. ஒவ்வோர் அமீனையும் ஒவ்வோர் ஆல்டிஹைடோடு தனித்தனியாகச் சேர்த்தபோது நான்கு கூண்டுகளும் கிடைத்தன. அதாவது, எந்த இணைக்கும் தடையில்லை. யாரும் யாரோடும் சேர முடியும். பிறகு நான்கையும் ஒரே குடுவையில் போட்டார்கள். இரண்டு கூண்டுகள் மட்டுமே உருவாயின. ஓர் அமீன் ஓர் ஆல்டிஹைடோடு, மற்றது மற்றதோடு.

இங்கே அவர்கள் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கூட்டத்தில் கிடைக்காமல் போன கூண்டை எடுத்துக்கொண்டார்கள். அது தனியே முழுமையாக உருவாகி, நிலையாக இருக்கும் ஒரு பொருள். அதன் கரைசலில், அமீனுக்கு உகந்த ஆல்டிஹைடை, அல்லது ஆல்டிஹைடுக்கு உகந்த அமீனைச் சேர்த்தார்கள். கட்டிய கூண்டு பிரிந்து, உகந்த இணைகளின் கூண்டாக மாறியது. நன்றாக மூடிய கூண்டிலும் கதவு முழுவதும் அடைபடவில்லை என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. ஆரம்பத்தில் யார் முதலில் சந்தித்தார்கள் என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை என்றும் இது சொல்கிறது.

இதில் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கு மிகவும் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படி அல்ல. முழுக் குடுவையின் கணக்கே கணக்கு. இரண்டு அமீன்களுமே ஒரே ஆல்டிஹைடை அதிகம் விரும்பலாம். ஆனால் அந்த ஆல்டிஹைடு இருவருக்கும் போதாது. மீந்தவர்களின் சேர்க்கையையும் சேர்த்துக் கூட்டினால் மொத்த ஆற்றல் எந்தப் பிரிவினையில் குறைவோ அதுவே மிஞ்சும். ஆகவே ஒரு குடுவையில் உருவாகும் ஒரு கூண்டு, அதனளவில் மிகச் சிறந்ததாக இல்லாமலும் இருக்கலாம். தன்வகைப்பாட்டை ஆராய்பவர்கள் பொருள்களைத் தனித்தனியாக அல்ல, கூட்டமாக அளக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

வடிவமும் கோணமும் தெளிவாக வேறுபட்டால் பிரிவினை எளிது. ஜெர்மனியில் ஃப்ளோரியான் பாயர்லே குழு 2015இல் போரானிக் அமிலக் கூண்டுகளில் அதைக் காட்டியது; இணைப்புத் துண்டின் கோணத்துக்கு ஏற்ப வெவ்வேறு வடிவக் கூண்டுகள், கலந்து போட்டாலும் தனித்தனியாக. கடினமான வழக்கு, துண்டுகள் எல்லாவகையிலும் ஒன்றாக இருந்து, இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக மட்டும் இருப்பது. ஹைடல்பெர்க்கில் மிகாயேல் மாஸ்டலெர்ட்ஸ் குழு 2021இல் இதை எடுத்துக்கொண்டது. கிண்ண வடிவத் துண்டுகள் எட்டு, கனசதுரத்தின் எட்டு மூலைகளில் அமர வேண்டும். விளிம்புகளில் 12 இணைப்புகள். ஒவ்வொரு மூலையிலும் இடவகையோ வலவகையோ வரலாம். சுழற்சியில் ஒன்றானவற்றைக் கழித்தால் 23 வெவ்வேறு கூண்டுகள் சாத்தியம். குடுவையில் கிடைத்தவை ஒரே வகைக் கிண்ணங்களால் ஆன கூண்டும், இரு வகையும் சமமாகக் கலந்த ஒரே ஒரு கூண்டும் மட்டும். கரைப்பானைக் கவனமாகத் தேர்ந்தால் கலப்புக் கூண்டு உருவாவதைக் கட்டுப்படுத்தவும் முடிந்தது. உள்விட்டம் 3.3 முதல் 3.5 நானோமீட்டர் வரை; கரிமக் கூண்டுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பயன்பாடு என்னவென்று கேட்பதற்கு முன்பே இந்த முடிவு மதிப்புடையது என்பது என் கருத்து. ஒரு கரைப்பானின் குணம், தொலைவில் இருக்கும் இரு மூலைகளின் இடவலத்தைத் தீர்மானிக்கிறது என்றால், அந்தச் செய்தி கூண்டின் உடல் முழுவதும் கடந்து போயிருக்கிறது.

எல்லா வேளையிலும் இப்படி நடப்பதில்லை. கூப்பர் குழுவினர் 2011இல் எத்திலீன் டைஅமீனையும் சைக்ளோஹெக்சேன் டைஅமீனையும் ஒரே ஆல்டிஹைடோடு சேர்த்துப் போட்டார்கள். இரண்டு அமீன்களிலும் நைட்ரஜன்களுக்கு இடையே உள்ள தொலைவு ஒன்றுதான். கூண்டுக்கு இருவரில் யார் வந்தாலும் இழுப்பு இல்லை. பிரிவினை நடக்கவில்லை. ஆறும் ஒரே வகை, ஐந்தும் ஒன்றும், நான்கும் இரண்டும் என்று ஏழு கலவை விகிதங்களிலும் கூண்டுகள் வந்தன. ஆற்றலில் வேறுபாடு இல்லாத இடத்தில் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? அந்தக் குழு அதையும் பயனாக்கியது. உருவங்கள் ஒன்றுபோல் இல்லாததால் கூண்டுகள் நெருங்கி அடுக்கி அமர முடியாமல் படிகமாகாமல் நின்றன. அந்த அடுக்குக் குறைபாடே கூடுதல் வெற்றிடமானது. 2015இல் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஜேம்ஸும் லிவர்பூல் குழுவும் சேர்ந்து, இப்படிக் கலந்த கூண்டுகள் நன்றாகக் கரையும் என்பதைப் பயன்படுத்தி, நிலையான துளைகள் கொண்ட திரவத்தையே உண்டாக்கினார்கள். கலப்பு எங்கே உதவும், தூய்மை எங்கே தேவை என்பது செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது. வாயுவைக் கரைக்கக் கலப்பு போதும். உப்பைத் தடுக்கப் போதாது.

முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது அடுத்த கேள்வி. 2018இல் ரெபெக்கா கிரீனவே, கிம் ஜெல்ஃப்ஸ், கூப்பர் ஆகியோர் கணினிக் கணிப்பையும் இயந்திரக் கையையும் இணைத்து 78 சேர்மானங்களைச் சோதித்தார்கள். 33 கூண்டுகள் ஒரே குடுவையில் தூய்மையாக உருவாயின. பாதிக்கும் குறைவு. தேர்ந்த வேதியியலர்கள் கணினி உதவியோடு தேர்ந்தெடுத்தவற்றிலேயே பாதிக்கும் மேல் எதிர்பார்த்தபடி அமையவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அதே குழு, மூன்று கை ஆல்டிஹைடு, மூன்று கை அமீன், இரண்டு கை அமீன் என்று மூவரை ஒரே குடுவையில் சேர்த்து, மூவரும் குறித்த விகிதத்தில் கலந்த, ஒரு பக்கம் திறந்த பானை போன்ற கூண்டுகளைக் கணித்து, பிறகு செய்தும் காட்டியது. வேறானவரோடு சேரும் போக்கைத் திட்டமிட்டே வரவழைத்த வேலை அது.

இனி சிங்கப்பூர். கிளமெண்டி அருகே உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் துறையில் டான் ஜாவோ தலைமையிலான குழு 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிசி3 வகைக் கூண்டுகளைத் தண்ணீர் செல்லும் வழியாகப் பயன்படுத்த முடியுமா என்பதே கேள்வி. உயிரணுக்களில் இந்த வேலையைச் செய்வது அக்வாபொரின் என்னும் புரதம்; அதைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் புரதம் தண்ணீரை வரிசையாக விட்டு, மிகச் சிறிய அயனியைக்கூட நிறுத்திவிடும்.

கூண்டின் சாளரம் ஏறத்தாழ 0.36 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு ஏறத்தாழ 0.28. சோடியம் அயனி தனியே சிறியதுதான். ஆனால் கடல்நீரில் அது தன்னைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு ஏறத்தாழ 0.72 நானோமீட்டர் அளவில் வருகிறது. போர்வையைக் கழற்றினால்தான் நுழைய முடியும்; கழற்ற ஆற்றல் வேண்டும். சாளரத்தின் அளவு ஒன்றே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. கூண்டுகளைக் கொழுப்புப் படலத்தில் பதித்து அளந்தபோது, நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் கடந்தன. அக்வாபொரினின் அளவுக்கே வரும் வேகம். சிறிய நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் தடுக்கப்பட்டன. உள்ளே தண்ணீர் ஒற்றை வரிசையாக, ஆனால் கிளைகள் விட்டு ஓடியது என்பதும் தெரிந்தது.

கிளை என்பது சிறிய செய்தி அல்ல. அதுவரை செயற்கைத் தண்ணீர் வழிகள் பெரும்பாலும் நீண்ட குழாய்கள். குழாய் என்றால் அதைச் சவ்வில் செங்குத்தாக நிறுத்த வேண்டும், படுத்துவிட்டால் பயனில்லை. நாற்புறமும் சாளரம் உள்ள கூண்டுக்கு மேல், கீழ் கிடையாது. எப்படிக் கிடந்தாலும் தண்ணீர் ஒரு சாளரத்தில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறும். பொறியியல் நோக்கில் அந்த ஆய்வின் உண்மையான பங்களிப்பு இதுவே என்று நினைக்கிறேன். வேகக் கணக்கைவிட இது முக்கியம்.

அந்தத் தடுப்புத்திறன் எதனால் வந்தது? ஒவ்வொரு கூண்டின் ஒவ்வொரு சாளரமும் ஒரே அளவில் இருந்ததால். அந்த ஒற்றுமை, குடுவைக்குள் பிணைப்புகள் உடைந்து உடைந்து கூடித் தவறுகளைக் கழித்ததால் வந்தது. மூன்று கை பென்சீனில் குளோரின் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு முரண்பாட்டை எதிர்கொள்ளாமல் போக முடியாது. தவற்றைத் திருத்துவது தண்ணீரால் உடையக்கூடிய பிணைப்பு. சவ்வு வேலை செய்யப்போவதோ தண்ணீருக்குள். பாலிஅமைடு துளைகளில் ஒழுங்கில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. இமீன் கூண்டில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான இமீன்கள் தண்ணீரில் உடைந்து பிரியும். சிசி3 இதில் ஒரு நல்வாய்ப்பு. அது தண்ணீரை உறிஞ்சி வெளியிட்டும் சிதையாமல் இருப்பதை 2012இலேயே லிவர்பூல் குழு காட்டியிருந்தது. அமிலத்திலும் காரத்திலும் அதே உறுதி இருக்காது. அதற்கு அவர்கள் 2014இல் ஒரு வழி கண்டார்கள்: முதலில் மீள்பிணைப்பைக் கொண்டு கூண்டைச் சரியாகக் கட்டிக்கொள்வது, பிறகு இமீனை ஒடுக்கி உடையாத அமீனாக்குவது, அப்போது தளர்ந்துபோகும் கூண்டை ஃபார்மால்டிஹைடால் கட்டி இறுக்குவது. திருத்தும் காலம் வேறு, நிலைக்கும் காலம் வேறு என்று இரண்டாகப் பிரித்த இந்த உத்தியே சவ்வுகளுக்கான சரியான பாதை என்பது என் நம்பிக்கை. கூண்டு செய்யும் ஒவ்வொரு குழுவும் இதை முதலிலேயே திட்டமிட வேண்டும். கடைசியில் ஒட்டவைக்கும் வேலையாக நினைக்கக்கூடாது.

இன்னொரு தடை கூண்டுக்கு வெளியே இருக்கிறது. கூண்டின் சாளரம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், இரண்டு கூண்டுகளுக்கு நடுவே, இரண்டு படிகங்களுக்கு நடுவே விரிசல் இருந்தால் உப்பு அங்கே போகும். கூண்டுகள் தமக்குள்ளும் துணை தேடுகின்றன என்பது இங்கே உதவலாம். வலவகை சிசி3 கரைசலையும் இடவகை சிசி3 கரைசலையும் கலந்தால், இடமும் வலமும் சாளரத்துக்குச் சாளரம் பொருந்தி உடனே நுண்படிகங்களாகப் படிகின்றன. 2022இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் லிவர்பூலும் சேர்ந்து, இரு திரவங்களின் எல்லையிலேயே சிசி3யைத் தொடர்ச்சியான படிகப் படலமாக வளர்த்துக் காட்டின. கரைப்பானுக்கு ஏற்ப அதன் துளை மாறவும் செய்தது. கடோட்டின் எல்லைப் படல முறை, மீள்பிணைப்போடு திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

கொழுப்புப் படலத்தில் அளந்த வேகத்துக்கும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் தாங்கி ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆலைச் சவ்வுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. மரினா ஈஸ்ட்டிலும் துவாஸிலும் அடுத்த சில ஆண்டுகளில் கூண்டுச் சவ்வு வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வந்தால், அது பாலிஅமைடை முழுதாக விலக்கிக்கொண்டு வராது. போரான் போன்ற பிடிவாதக்காரர்களை ஒரே சுற்றில் நிறுத்தும் துணைப்படலமாக வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆய்வுப் பணத்தைத் தீர்மானிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் புதிய சவ்வைக் காட்டினாலும் எத்தனை லிட்டர் கடத்துகிறது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சாளரங்களில் எத்தனை பங்கு ஒரே அளவு, தவறானவை எந்தக் கட்டத்தில் கழிக்கப்படுகின்றன, கழித்தபின் பிணைப்பு எப்படிப் பூட்டப்படுகிறது என்ற மூன்றையும் அதோடு கேளுங்கள். பெங்களூரில் நான்கு மூலக்கூறுகளை ஒரே குடுவையில் போட்டுப் பார்த்த ஆய்வுக்கும் கிளமெண்டியில் தண்ணீரை அளந்த ஆய்வுக்கும் ஒரே மேசையில் இடம் தேவை. இப்போது அவை வேறுவேறு துறைகளில், வேறுவேறு நிதித் தலைப்புகளில் நடக்கின்றன. முதல் நுண்துளைக் கரிமக் கூண்டுகள் வெளிவந்தது 2009இல். ஜோகூர் ஒப்பந்தம் முடிவது 2061இல். கடோட்டின் படலம் ஆய்வகத்திலிருந்து துவாஸ் ஆலைக்கு வந்து சேர ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின.